கிரியான் ஆத்துக்கு இந்தப் பக்கம் 1,200, அந்தப் பக்கம் 1,100: ஒரு சம்பளச் சட்டத்த பேனல் டேட்டாவுல பிடிக்கப் போனா

2020 பிப்ரவரி 1-ல இருந்து கொஞ்ச காலம் நம்ம மலேசியாவுல ரெண்டு குறைந்தபட்ச சம்பளம் இருந்துச்சுன்னு சொன்னா இப்ப பாதி பேருக்கு ஞாபகமே இருக்காது. அதுக்கு முன்னால நாடு பூரா மாசம் 1,100 வெள்ளி (ரிங்கிட்), அன்னையிலிருந்து மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ இருக்கிற ஊர்ல வேலை செஞ்சா 1,200, மாவட்ட மன்றத்துக்குக் கீழ வர்ற ஊர்னா அதே பழைய 1,100. பினாங்குத் தீவும் சரி செபராங் பிறையும் சரி ரெண்டுமே மாநகர் மன்றம், அதனால பினாங்கு மாநிலம் மொத்தமும் 1,200 பக்கம் போயிருச்சு. ஆனா தெற்கால கடைசியில நிபோங் திபால் போய் எல்லையத் தாண்டினா பாரிட் புந்தார், அது பேராக், கிரியான் மாவட்ட மன்றம். பக்கத்துலயே பண்டார் பாரு, அது கெடா, அதுவும் மாவட்ட மன்றம்தான். ரெண்டுலயும் 1,100. மூணு மாநிலம் முட்டிக்கிற இடம், காலையில மோட்டோ எடுத்தா மூணு ஊர்லயும் ஒவ்வொரு டீ குடிச்சிட்டு மத்தியானத்துக்குள்ள வீடு வந்து சேரலாம்.

நான் எக்கனாமிக்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ற பிள்ளைங்களுக்கு டேட்டா வேலையில கை குடுக்கிற ஆளு. நிபோங் திபால் பக்கத்துத் தம்பி ஒருத்தன் வந்து, "அக்கா, சம்பளத்த ஏத்தினா சாப்பாட்டுக் கடையில ஆள குறைச்சிருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையான்னு பேனல் டேட்டாவுல பாக்கணும்"னான். பேனல் டேட்டான்னா அதே ஆளையோ கடையையோ ஊரையோ திரும்பத் திரும்ப பல காலத்துல அளந்த டேட்டா. கேள்வி நல்ல கேள்வி. கையில கொண்டு வந்த டேட்டாதான் சரியில்ல. அதுல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போய் நின்ன விஷயத்த இங்க முழுசா எழுதி வைக்கிறேன், இதே கேள்விய எடுத்துக்கிட்டு இன்னும் பல பேரு வருவாங்கன்னு தெரியும்.

அவன் கொண்டு வந்தது மாநில அளவு பேனல். 13 மாநிலம், 3 கூட்டரசுப் பிரதேசம், மொத்தம் 16, ஒவ்வொண்ணுக்கும் பல வருஷத்து வேலைவாய்ப்பு எண்ணு, அதோட அந்தந்த வருஷ குறைந்தபட்ச சம்பளம். பாக்க அம்சமா இருக்கும். புள்ளிவிவரத் துறையோட ஓப்பன்டோசம் இணையத்தளத்துல இதெல்லாம் சும்மாவே கிடைக்குது, அரை நாள்ல ஃபைல் ரெடி பண்ணிரலாம். மாநிலத்துக்கு ஒரு ஃபிக்ஸ்ட் எஃபெக்ட் (அந்த மாநிலத்துல எப்பவும் மாறாம இருக்கிறத கழிச்சுரும்), வருஷத்துக்கு ஒரு ஃபிக்ஸ்ட் எஃபெக்ட் (அந்த வருஷம் எல்லாருக்கும் பொதுவா நடந்தத கழிச்சுரும்), ரிக்ரெஷன் போட்டா கோயஃபிஷியன்ட் பக்கத்துல நட்சத்திரம் கூட வரும், அதாவது இந்த எண்ணு வெறும் தற்செயல் இல்லன்னு காட்டுற குறி.

ஆனா அந்த நட்சத்திரம் எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்ல. குறைந்தபட்ச சம்பளம் இங்க 2013 ஜனவரியில ஆரம்பிச்சது, தீபகற்பத்துல 900, சபா சரவாக் லபுவான்ல 800. 2016 ஜூலையில 1,000, 920. 2019 ஜனவரியில எல்லா இடத்துலயும் 1,100. அப்படின்னா ஜொகூர்லயும் பினாங்குலயும் கிளந்தான்லயும் ஒரே நாள்ல ஒரே அளவுக்கு ஏறுது. எல்லாருக்கும் ஒரே நாள்ல நடந்தத வருஷ எஃபெக்ட் அப்படியே முழுங்கிரும், அதோட வேலையே அதுதான். முழுங்கினது போக மிச்சம் என்ன இருக்குன்னா, தீபகற்பத்துக்கும் அந்தப் பக்கத்து மூணுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம், 2013-ல 100 வெள்ளி, 2016-ல 80 வெள்ளி, 2019-ல பூஜ்யம். மொத்தக் கணக்கும் இந்த ஒத்த இழையில தொங்குது. தம்பி பினாங்கு சாப்பாட்டுக் கடையப் பத்திக் கேள்வி கேட்டான், அந்தப் பேனல் சபா சரவாக் பத்தி பதில் சொல்லுது. 16 மாநிலம்னு டேபிள்ல எழுதி இருக்கும், ஆனா விஷயம் உள்ளது மூணுலதான்.

"அப்ப வருஷ எஃபெக்ட்ட தூக்கிரவா அக்கா"ன்னு கேட்டான். நிறைய பேரு அதத்தான் பண்றாங்க, தூக்கினதும் ரிசல்ட் பளிச்சுன்னு வந்துரும். தூக்கிட்டா அந்தந்த வருஷம் நாட்டுல நடந்த அத்தனையும் சம்பளத்தோட கணக்குல ஏறிக்கும். 2015 ஏப்ரல்ல 6% ஜிஎஸ்டி வந்துச்சு, 2018 ஜூன்ல அத பூஜ்யமாக்கினாங்க, நடுவுல எண்ணெய் விலை விழுந்துச்சு, வெள்ளி மதிப்பும் விழுந்துச்சு. இதெல்லாம் குறைந்தபட்ச சம்பளத்தால ஆச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும், அதுக்கென்ன தெரியும்.

குடும்ப வருமான சர்வேய எடுத்துக்கலாமேன்னும் கேட்டான். அதுலயும் ஒரு சிக்கல். 2019-ல நடு வருமானம் 5,873 வெள்ளி, 2022-ல 6,338 வெள்ளின்னு அறிக்கை சொல்லும்போது ஒரே குடும்பம் இங்கிருந்து அங்க ஏறிச்சுன்னு தோணும், அப்படி இல்ல, ஒவ்வொரு தடவையும் வேற வேற வீட்டுக் கதவத் தட்டுறாங்க. அது பேனல் இல்ல, அடுத்தடுத்து எடுத்த தனித்தனி ஃபோட்டோ. ஒரே வருஷத்துல பொறந்தவங்கள ஒரு கூட்டமா சேர்த்து அந்தக் கூட்டத்தோட சராசரிய வருஷா வருஷம் பின்தொடரலாம்னு பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 1985-ல வழி காட்டினாரு, சூடோ பேனல்னு பேரு, வயசு தலைமுறை மாதிரி கேள்விக்கு அது அருமையா வேலை செய்யும். சாப்பாட்டுக் கடையில ஆள் எண்ண அது உதவாது. (அதே வீட்ட திரும்பப் போய்ப் பாத்த சர்வே நம்ம நாட்டுலயும் இருந்துச்சு, 1976-77-ல ஆரம்பிச்ச மலேசியக் குடும்ப வாழ்க்கை சர்வே, அதுல இருந்தவங்கள்ல ஒரு பகுதிய 1988-89-ல மறுபடி தேடிப் போனாங்க. இந்தோனேசியாக்காரங்க 1993-ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் அஞ்சு சுத்து போயிருக்காங்க. நினைச்சா வயித்தெரிச்சல்தான்.)

ஆத்துப் பக்கம் திரும்பினது

அதுக்கப்புறம்தான் ஆத்துப் பக்கம் பார்வை போச்சு. மாநிலத்த விடு, கடையப் புடி, அதே கடைய மாசா மாசம் புடி, சட்டம் மாறின பக்கத்துலயும் மாறாத பக்கத்துலயும் புடின்னேன்.

பேனல்ல என்ன லாபம்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு, எண்ணு நான் சும்மா போட்டது. ஒரு பெரிய கடையில 8 பேரு, அடுத்த தடவை பாத்தா 7. சின்னக் கடையில 3 பேரு, அடுத்த தடவையும் 3. ஒவ்வொரு கடைக்கும் அதோட சொந்த சராசரியக் கழிச்சுரு. பெரிய கடை 7.5-ல இருந்து +0.5, அப்புறம் -0.5. சின்னக் கடை 0, 0. இப்ப பெரிய கடை ஏன் பெருசு, முக்குல இருக்கிறதாலயா, மொதலாளி அப்பா காலத்துல இருந்து நடத்துறதாலயா, சமையல் கைப்பக்குவமா, எதுவுமே நமக்குத் தெரிய வேண்டியதில்ல, மாறாத எல்லாமே கழிஞ்சு போச்சு. ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்டோட மொத்த வித்தையும் இவ்வளவுதான். மாறாதத இது கழிக்கும், கூடவே மாறுறத கழிக்காது. இந்த ரெண்டாவது பாதிய மறந்துட்டுத்தான் பாதி தீசிஸ் எழுதுறாங்க.

ஹவ்ஸ்மன் டெஸ்ட் போடணுமான்னு சூப்பர்வைசர் கேட்பாரு, ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்டா, இல்ல கடைக்குக் கடை உள்ள வித்தியாசத்த கழிக்காம தற்செயலா பாவிக்கிற ரேண்டம் எஃபெக்ட்டான்னு தேர்ந்தெடுக்கிற டெஸ்ட் அது, போட்டுக்கோ, 1978-ல வந்தது, ஒரு வரிதான். அதே வருஷம் முண்ட்லாக்ங்கிற ஆய்வாளர் காட்டின மாதிரி கடையோட சராசரிய ரேண்டம் எஃபெக்ட் மாடலுக்குள்ள ஒரு வேரியபிளா போட்டாலே ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்டோட அதே எண்ணு வந்து நிக்கும். இங்க அதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

எல்லைக்கு ரெண்டு பக்கமும் கடை எண்ணுறதுக்கு மூலக்கதை எக்கனாமிக்ஸ் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அமெரிக்காவுல டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-ல போட்ட ஆய்வு. நியூ ஜெர்சியில 1992 ஏப்ரல்ல மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 டாலரா ஏத்தினாங்க, பக்கத்து பென்சில்வேனியாவுல ஏத்தல. 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைய ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை விசாரிச்சாங்க. முழு நேர ஆள் கணக்குல நியூ ஜெர்சி கடைக்கு 20.44-ல இருந்து 21.03 ஆச்சு, பென்சில்வேனியாவுல 23.33-ல இருந்து 21.17-க்கு இறங்குச்சு. வித்தியாசத்தோட வித்தியாசம் 2.76, அதுவும் கூடுதல் பக்கம். ஆள் குறையும்னு பாடப்புத்தகம் சொன்னதுக்கு நேர் எதிரா. நியூமார்க், வாஷர்னு ரெண்டு ஆய்வாளருங்க கடைங்களோட சம்பளப் பட்டியல வச்சு 2000-ல மறுத்தாங்க, அந்த வாக்குவாதம் இன்னும் ஓயல, கார்டுக்கு 2021-ல நோபல் கிடைச்சது அது வேற விஷயம். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது ரிசல்ட் இல்ல. ரெண்டாவது தடவை ஃபோன் எடுக்காத கடைக்கெல்லாம் ஆள நேரா அனுப்பி, திறந்திருக்கா மூடிட்டாங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க பாருங்க, அதுதான்.

நம்ம ஆத்தங்கரைக்கும் இது அப்படியே பொருந்துற மாதிரி இருந்துச்சு. ஒரே மாதிரி கடை, ஒரே மாதிரி ஆளுங்க, மாவு சீனி எல்லாம் ஒரே சப்ளையர்கிட்ட வாங்குறவங்க கூட உண்டு. ஆனா நேர்ல போய் உக்காந்தா வித்தியாசம் ஒண்ணொண்ணா கண்ணுல படுது. நிபோங் திபால்ல யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட பொறியியல் வளாகம் இருக்கு, செமஸ்டர் லீவு விட்டா பிள்ளைங்கள நம்பி இருக்கிற கடை காத்தாடும். பாரிட் புந்தார் நெல்லு பூமி, அறுப்பு சமயத்துல லோரிக்காரங்க, மெஷின்காரங்கன்னு காலையில இருந்து ரொட்டி போட ஆள் பத்தாது, அப்புறம் அடங்கிரும். இது மாறாத வித்தியாசமா இருந்தா ஃபிக்ஸ்ட் எஃபெக்ட் பாத்துக்கும், ஆனா இது மாசத்துக்கு மாசம் ஆடுது, ரெண்டு ஊர்லயும் வேற வேற மாசத்துல ஆடுது. ஊருக்கு ஊரு தனி மாச எஃபெக்ட் போட்டாத்தான் சமாளிக்கலாம், அதப் போடுறதுக்கு சட்டத்துக்கு முன்னால பல வருஷத்து மாசக் கணக்கு வேணும்.

அதோட ஆத்துக்குப் பாலம் இருக்கு. பாரிட் புந்தார்ல 1,100-க்கு வேலை செய்றவன் 100 வெள்ளி கூட கிடைக்கும்னா மோட்டோவ இந்தப் பக்கம் திருப்பிருவான், அவன நிறுத்தி வைக்க அந்தப் பக்கத்து மொதலாளியும் 1,200 குடுத்துருவாரு. அப்படி நடந்தா ஒப்பிட வச்சிருந்த பக்கமே கலந்து போச்சுன்னு அர்த்தம், ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, சட்டத்தால ஒண்ணும் ஆகலன்னு தப்பான பதில் வரும்.

இத எப்படி சரி பண்றதுன்னு பேசிக்கிட்டே தேதியப் பாத்தோம், கிணறு வெட்ட பூதம் கிளம்பின மாதிரி ஆச்சு.

46 நாள்

பிப்ரவரி 1 சட்டம். மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. நடுவுல 46 நாள்.

கடைய மூடு, புங்குஸ் (பொட்டலம்) மட்டும் குடு, மாநில எல்லைய தாண்டாத, போலீஸ் ரோட் புளோக். இந்த மூணு ஊருக்கும் நடுவுல மாநில எல்லை ஓடுதுல்ல, பாலத்தத் தாண்டி வேலைக்குப் போறவன் லெட்டர் வச்சிருக்கணும். வளாகத்துல பிள்ளைங்க இல்ல. அப்புறம் ஏப்ரல்ல சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மூலமா சம்பள உதவித்தொகை, 75 பேருக்கு மேல இல்லாத கம்பெனிக்கு உள்ளூர் ஆள் ஒருத்தருக்கு மாசம் 1,200 வெள்ளி வரைக்கும், ஆள நிப்பாட்டக் கூடாதுங்கிற நிபந்தனையோட. யோசிச்சுப் பாருங்க, சம்பளம் ஏறினதால ஆள் குறைஞ்சாங்களான்னு நாம தேடுற அதே மாசத்துல, ஆள குறைக்காம இருக்கிறதுக்கு அரசாங்கம் கிட்டத்தட்ட அந்த சம்பளத்த முழுசாவே குடுக்குது. அதுலயும் சொக்சோவுல ஒழுங்கா பதிஞ்ச கடைக்குத்தான் அது கிடைக்கும், பதியாத சின்னக் கடைக்கு இல்ல. அந்நியத் தொழிலாளிக்கும் இல்ல, அவங்க புதுசா வர்றதும் நின்னு போச்சு.

வருஷ எஃபெக்ட் கோவிட்ட பாத்துக்கும்னு சில பேரு தைரியமா எழுதுறாங்க. கோவிட் எல்லா இடத்தையும் ஒரே அளவுக்கு அடிச்சிருந்தா பாத்துக்கும். நகரத்தையும் சின்ன ஊரையும் அது ஒரே மாதிரி அடிக்கல, நம்ம சட்டமும் நகரம் சின்ன ஊருன்னுதான் கோடு போட்டுச்சு. ரெண்டும் ஒரே கோட்டுல விழுந்துருச்சுன்னா பிரிக்க எந்த எஃபெக்ட்டும் கிடையாது, எத்தன டம்மி (ஆமான்னா 1, இல்லன்னா 0-ன்னு போடுற வேரியபிள்) போட்டாலும் கிடையாது. என் கருத்து இதுல நேரானது: 2020 ரெட்டைச் சம்பளத்த வச்சு ஆள் குறைஞ்சாங்களா இல்லையான்னு சொல்ல முடியாது, சொல்றவங்க கோவிட் எஃபெக்ட்டத்தான் சொல்றாங்க.

தம்பி முகம் தொங்கிப் போச்சு. நான்தான் சட்டத்த 2022 வரைக்கும் படின்னேன்.

2022-ல கதை திரும்புது

2022 மே 1-ல 1,500 ஆச்சு, நகரம் மாவட்டம்ங்கிற பேதம் போச்சு. எல்லாருக்கும் ஒண்ணுதானே, இதுல என்ன இருக்குன்னு தோணும். ஏறின அளவப் பாருங்க. நிபோங் திபால்ல 1,200-ல இருந்து 1,500, 25%. பாரிட் புந்தார்லயும் பண்டார் பாருவுலயும் 1,100-ல இருந்து 1,500, 36% சொச்சம். 2020-ல சும்மா இருந்த பக்கம்தான் இப்ப பெரிய அடி வாங்குது. சட்டம் வந்த பக்கம் 1, வராத பக்கம் 0-ன்னு ஒரே டம்மிய 2020-ல இருந்து கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டு போனா முழுக் கணக்கும் தலைகீழா போயிரும். குட்மன்-பேக்கன்ங்கிற ஆய்வாளர் 2021-ல காட்டினது இதே குடும்பத்துச் சிக்கல், வேற வேற நேரத்துல சட்டம் வந்தா ஏற்கெனவே மாறின ஆளையே ஒப்பிடுற ஆளா மாடல் தானா எடுத்துக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால டம்மிய விட்டுட்டு எத்தன சதவீதம் ஏறிச்சுங்கிற அளவையே வேரியபிளா போடச் சொன்னேன்.

இன்னொரு விஷயம் சட்டத்துக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. 1,500-ங்கிறது அஞ்சு பேரும் அதுக்கு மேலயும் வச்சிருக்கிற மொதலாளிக்கு. அஞ்சுக்குக் குறைவுன்னா பழைய 1,200-ம் 1,100-ம் அப்படியே தொடர்ந்துச்சு, மொதல்ல 2022 கடைசி வரைக்கும்னாங்க, அப்புறம் 2023 ஜூலை 1 வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. அதாவது நாடு திறந்து, ரோட் புளோக் எல்லாம் போய், வளாகத்துல பிள்ளைங்க திரும்பி வந்ததுக்கு அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல, பெரிய கடைக்கு ரெண்டு கரையிலயும் 1,500, சின்னக் கடைக்கு மட்டும் இந்தக் கரை 1,200 அந்தக் கரை 1,100. கரை, கடை அளவு, காலம்னு மூணு வித்தியாசத்த ஒண்ணா எடுக்கலாம். சின்னக் கடையும் பெரிய கடையும் ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால, அறுப்பு சீசன், செமஸ்டர் லீவு எல்லாம் ரெண்டையும் சேர்த்துத்தான் ஆட்டும், அதெல்லாம் கழிஞ்சுரும். 2020 குடுக்காதத 2022 குடுக்குது.

சின்னக் கடைன்னு யாரச் சொல்றதுங்கிறதுதான் சோதனை. நாலு பேரு இருந்தா பழைய சம்பளம், அஞ்சு இருந்தா 1,500-ன்னு சட்டம் சொன்னா, அஞ்சு பேரு வச்சிருக்கிறவரு என்ன செய்வாரு? ஒருத்தர நிப்பாட்டலாம். இல்ல, அஞ்சாவது ஆள கணக்குல காட்டாம விட்டுரலாம். அதனால சட்டம் வந்ததுக்கு அப்புறம் இருக்கிற ஆள் எண்ணிக்கைய வச்சு சின்னது பெருசுன்னு பிரிக்கவே கூடாது, பிரிச்சா நாம தேடுற பதிலே பிரிக்கிற கோடா மாறிரும். 1,500-னு 2022 மார்ச்ல அறிவிச்சாங்க, அதுக்கும் முன்னால இருந்த எண்ணிக்கைய வச்சு கடைய ஒரு பக்கம் போட்டுட்டு அதுக்கப்புறம் அத நகர்த்தக் கூடாது.

நாலு பேருன்னா எந்த நாலு பேரு

அந்த முன்னால இருந்த எண்ணிக்கைய எப்படி வாங்குறது? முயற்சி பண்ணிப் பாக்கலாம்னு தெரிஞ்ச கடை ஒண்ணுல உக்காந்தோம். காலைக் கூட்டம் ஓஞ்ச நேரம்.

"எத்தன பேரு அங்கிள் வேலை செய்றாங்க?"

"நாலு பேரு தம்பி."

கல்லுல ரொட்டி தட்டுறது மச்சான், கல்லாவுல உக்காந்திருக்கிறது வீட்டுக்கார அம்மா, அவங்க ரெண்டு பேரும் அந்த நாலுல இருக்காங்களான்னு கேட்டா "அவங்க குடும்பம்லா, அது எப்படி வேலைக்காரங்க ஆகும்"னாரு. விடியக்காலையில வந்து காய் நறுக்கிட்டு பத்து மணிக்குப் போயிர்ற அக்கா? "அது அரை நாளு, சேத்துக்கோ." பின்னால பாத்திரம் கழுவுற பங்களாதேஷ் பையன்? "அவன் என் ஆளு இல்ல, ஏஜென்ட் ஆளு." எண்ணிப் பாத்தா ஏழு உருவம் நடமாடுது, அவரு கணக்குல நாலு, சொக்சோ பேப்பர்ல இன்னும் கம்மியா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. அவரு பொய் சொல்லல. எல்லாக் கடையிலயும் இப்படித்தான்.

டேட்டாவுக்கு வழி காட்டினது கல்லா இழுப்பறையில இருந்த 555 புக்கு, கடன் கணக்கு எழுதுற சின்ன நோட்டு. சம்பளம் எழுதுறதுக்கு இல்ல, அட்வான்ஸ் எழுதுறதுக்கு. யாரு எந்தத் தேதியில அம்பது வாங்கினா, நூறு வாங்கினா, சம்பளத்துல எவ்வளவு புடிச்சாச்சுன்னு பென்சில்ல, முடிஞ்ச கணக்குக்கு மேல ஒரு கோடு. பழைய புக்கெல்லாம் ரப்பர் போட்டு கட்டி வச்சிருந்தாரு. ஆள் எண்ணிக்கைய நேரா கேட்டா ஞாபகத்துல இருந்து வர்ற பதில் இன்னைக்கு இருக்கிற எண்ணிக்கைதான், மூணு வருஷத்துக்கு முன்னாலயும் நாலுன்னுதான் சொல்வாங்க. அந்தப் புக்குல பேரு இருக்கு, தேதி இருக்கு, ஒரு பேரு எந்த மாசத்துல ஆரம்பிச்சு எந்த மாசத்தோட நின்னுச்சுன்னு தெரியுது. அட்வான்ஸே வாங்காத ஆள் விட்டுப் போவான், ஆனா இந்தத் தொழில்ல அப்படி ஆளு அபூர்வம். பேர எல்லாம் நாங்க எடுக்கல, முதல் ஆளு ரெண்டாவது ஆளுன்னு நம்பர்தான், அத முதல்லயே அவருகிட்ட சொல்லிட்டோம்.

எண்ணுறதுல வர்ற இந்தத் தப்பு எவ்வளவு பெரிய விஷயம்னா, அது எங்க உக்காருதுங்கிறதப் பொறுத்தது. இடது பக்கம், அதாவது நாம விளக்க நினைக்கிற ஆள் எண்ணிக்கையில சும்மா ஏற்ற இறக்கமா தப்பு இருந்தா ஸ்டாண்டர்ட் எரர், அதாவது பதிலோட நிச்சயமின்மை, பெருசாகும், பதில் ஒரு பக்கமா சாயாது. ஆனா இங்க அதே எண்ணிக்கைதான் கடை சின்னதா பெருசான்னும் முடிவு பண்ணுது, அது வலது பக்கம், அதாவது காரணமா வைக்கிற பக்கம். அங்க தப்பு இருந்தா பதில் பூஜ்யத்தப் பாத்து சுருங்கும். அதுவும் பேனல்ல இன்னும் மோசம், க்ரிலிக்கஸும் ஹவ்ஸ்மனும் 1986-ல எழுதி வச்சிருக்காங்க: சராசரியக் கழிக்கும்போது உண்மையான வித்தியாசத்துல பெரும்பகுதி கழிஞ்சுரும், தப்பு மட்டும் கழியாம அப்படியே தங்கும். அதனால நாலு, அஞ்சுன்னு கோட்டு மேலயே உக்காந்திருக்கிற கடைங்கள முதல் கணக்குல ஒதுக்கி வச்சுட்டு, ரெண்டு மூணு பேரு கடையையும் ஏழு எட்டுக்கு மேல உள்ள கடையையும் மட்டும் ஒப்பிடுன்னேன். கோட்டு மேல இருக்கிற கடை தனிக் கதை, அவங்க நிஜமாவே நாலுக்கு இறங்கினாங்களாங்கிறது தனியா பாக்க வேண்டிய விஷயம்.

மூடின கடை அடுத்த தலைவலி. இப்ப போய் எண்ணினா இப்ப இருக்கிற கடையத்தான் எண்ண முடியும். சம்பளம் தாங்காம மூடினவரு கணக்குலயே வரமாட்டாரு, மிச்சம் நிக்கிறவங்க எல்லாம் தாங்கினவங்க, அவங்க கடையில ஆள் குறையலன்னு எழுதுறது கேலிக்கூத்து. மூடின கடைக்கு பூஜ்யம் பேருன்னு எழுதணும், காலியா விடக் கூடாது. அதுக்குப் பழைய கூகுள் ஸ்ட்ரீட் வியூ படம் நல்லா உதவுது, போர்டு பேரு தெரியும், எந்த வருஷம் ஷட்டர் இறங்கிச்சுன்னு தோராயமா பிடிக்கலாம். பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கேட்டா இன்னும் சுலபம், யாரு எப்ப மூடினான்னு அவங்களுக்கு மாசத்தோட ஞாபகம் இருக்கும். சொந்தக் கடை ஆள் எண்ணிக்கை ஞாபகம் இருக்காது, பக்கத்துக் கடை மூடின தேதி ஞாபகம் இருக்கும், மனுஷ புத்தி அப்படி.

மூணே மூணு மன்றம்

இவ்வளவும் பண்ணி அறுபது கடை, நாப்பது மாசம்னு சேர்த்தா 2,400 வரி ஆச்சேன்னு தம்பி சந்தோஷப்பட்டான் (இதுவும் சும்மா சொன்ன எண்ணுதான், அவ்வளவு இன்னும் சேரல). வரி எத்தனன்னு யாரும் கேட்க மாட்டாங்க, சட்டம் எத்தன இடத்துல தனித்தனியா முடிவாச்சுன்னு கேட்பாங்க. செபராங் பிறை, கிரியான், பண்டார் பாரு, மூணு மன்றம். ஒரே மன்றத்துக்குக் கீழ உள்ள கடைங்க எல்லாம் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும், ஒரே கடையோட அடுத்தடுத்த மாசமும் அப்படித்தான். பெர்ட்ரான், டுஃப்லோ, முல்லைநாதன் மூணு பேரும் 2004-ல ஒரு வேலை பண்ணாங்க, அமெரிக்க டேட்டாவுல இல்லாத சட்டத்த இருக்கிறதா பாவிச்சு வழக்கமான முறையில கணக்குப் போட்டாங்க, 5% தடவைதான் தப்பா எஃபெக்ட் இருக்குன்னு வரணும், 45% வரைக்கும் வந்துச்சு. மன்ற அளவுல கிளஸ்டர் பண்ணு, அதாவது ஒரே மன்றத்துக் கடைங்கள ஒரே கூட்டமா வச்சு நிச்சயமின்மைய கணக்குப் போடுன்னு எளிதா சொல்லலாம், மூணு கிளஸ்டர வச்சு எந்த பூட்ஸ்ட்ராப்பும் (டேட்டாவுல இருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பாக்கிற முறை) காப்பாத்தாது.

இதுக்கு இருக்கிற ஒரே நல்ல மருந்து இன்னும் எல்லை சேர்க்கிறது. டூபே, லெஸ்டர், ரைக் 2010-ல அமெரிக்காவுல மாநில எல்லையில ஒட்டி இருக்கிற கவுண்டி ஜோடி எல்லாத்தையும் சேர்த்தாங்க. நமக்கும் ஜோடி இருக்கு, அதுலயும் ஒரே மாநிலத்துக்குள்ளயே கிடைக்குது: கூலிம் நகராண்மைக் கழகம், பக்கத்துல பண்டார் பாரு மாவட்ட மன்றம். சுங்கை பட்டாணியும் யானும். தைப்பிங்கும் கிரியானும். மாநில அரசு ஒண்ணே, மன்றம் மட்டும் வேற, ஒரு விதத்துல ஆத்தங்கரையவிட இது சுத்தமான ஒப்பீடு. தனி ஒரு மாணவன் மோட்டோவுல சுத்தி முடிக்கிற வேலை இல்ல அது. சொக்சோ மாதிரி இடத்துல மாசா மாசம் மொதலாளி கட்டுற சந்தா பதிவு இருக்கும், முகவரியோட, ஆய்வாளர்களுக்கு அது பேரு இல்லாம திறந்து விட்டா இந்தக் கட்டுரையில பாதி தேவையே இல்ல.

சூப்பர்வைசர் போன மாச ஆள் எண்ணிக்கையையும் வலது பக்கம் போடச் சொன்னாராம். போட்டா நிக்கல்ங்கிற ஆய்வாளர் 1981-ல சொன்ன சாய்வு வரும், சராசரியக் கழிக்கிறதாலயே பதில் ஒரு பக்கமா சாயும், மாசம் நிறைய இருந்தா அது குறையும், கம்மின்னா அத சரி பண்ற அரெலானோ-பாண்ட் முறைன்னு போகணும். இந்தக் கேள்விக்கு எதுக்கு அதுன்னு எனக்குப் புரியல, மரியாதையா கேட்டுப் பாருன்னு விட்டுட்டேன்.

எல்லாத்துக்கும் முன்னால பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, சட்டம் கடிச்சதா? 2022-ல நாடு திறந்தப்ப ஆள் கிடைக்காம கடைக்காரங்க தவிச்சாங்க, ரொட்டி மாஸ்டருக்கு 1,500 எல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. சட்டம் சொல்ற சம்பளத்துக்கு மேலயே ஏற்கெனவே குடுத்துக்கிட்டு இருந்தா, எத்தன எல்லைய சேர்த்தாலும் அந்த ஆளு விஷயத்துல எஃபெக்ட் இருக்காது, இருந்தா அது வேற எதோ. பாத்திரம் கழுவுறவங்க, காய் நறுக்குறவங்க, மேசை துடைக்கிறவங்க, அங்கதான் கடிக்கும். அட்வான்ஸ் புக்குல மாசக் கடைசியில புடிச்சது போக குடுத்த மிச்சமும் சில பேரு எழுதி வச்சிருக்காங்க, ரெண்டையும் கூட்டினா சம்பளம் வந்துரும், அதுல இருந்து யாருக்கு கடிச்சதுன்னு பிரிக்கலாம். பிரிச்ச பிறகு தம்பி கேள்வியையும் கொஞ்சம் திருப்பினான், ஆள் எண்ணிக்கையோட சேர்த்து வேலை நேரத்தையும் தட்டு விலையையும் எடுக்கிறான். சின்னக் கடையில ஆள நிப்பாட்டுறது அவ்வளவு லேசுல நடக்காது, சொந்தக்காரன் தெரிஞ்சவன்னு இருப்பாங்க, கடை திறக்கிற நேரத்த ஒரு மணி நேரம் குறைப்பாங்க, நாசி கண்டார்ல இருபது காசு ஏத்துவாங்க. விலைக்குப் பழைய மெனு போர்டு ஃபோட்டோ இணையத்துல கொட்டிக் கிடக்கு, சாப்பிட்டவங்க போட்ட ரிவியூவுல தேதியோட.

இப்ப முட்டிக்கிட்டு நிக்கிறது ஒரே ஒரு கடை. பாரிட் புந்தார்ல மூணு பேரோட இருந்துச்சு, 2022 நடுவுல நிபோங் திபாலுக்கு மாறிப் போச்சு, அதே போர்டு, அதே மொதலாளி. தம்பி அத எடுத்துரலாம்னான். நான் வேணாம்னேன், சம்பளம் கம்மியான கரையில இருந்து கூடின கரைக்கு ஒருத்தர் தானா வந்திருக்காருன்னா அதுவே ஒரு தகவல். ஆரம்பத்துல எந்தக் கரையில இருந்துச்சோ அந்தக் கரையிலயே வச்சு ஒரு தடவை ஓட்டு, எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டு, ரெண்டு எண்ணையும் டேபிள்ல காட்டு, ஏன் மாறினாருன்னு அவருகிட்டயே போய் கேட்டு அடிக்குறிப்புல எழுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.